கடலூருக்கு நேர் கிழக்கே ஓர் எரிமலை

கடலூர் கடற்கரையிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால், வங்கக் கடலைத் தாண்டி அது ஏறக்குறைய போர்ட் பிளேரில் போய் முட்டும். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த ஊருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தள்ளி பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான்.

தீவு சிறியது, குறுக்களவு மூன்று கி.மீ. இருக்கும். மனிதர் யாரும் வசிப்பதில்லை. வெளியே தெரிவது 350 மீட்டர் உயரம்தான். கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது மலை. பழைய வெடிப்பில் சரிந்த வட்டச் சுவருக்கு நடுவே சாம்பலும் கங்கும் குவிந்த கூம்பு நிற்கிறது. சுவர் உடைந்த பக்கமாக வழிந்த எரிமலைக் குழம்பு கடல்வரை கருங்கல்லாக உறைந்து கிடக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கியிருந்த மலை 1991இல் விழித்தது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கப்பலில் அருகே இருந்தபோது அது சாம்பல் கக்கத் தொடங்கியது. பகலில் சாம்பல் மட்டுமே தெரிந்தது. பொழுது சாய்ந்ததும், செந்நிறக் குழம்பு பீறிட்டுச் சரிவில் ஓடியதைக் கண்டார்கள். என்ன கொடுப்பினை!

இந்த நெருப்புக்குக் காரணம் தண்ணீர் என்றால் நம்புவீர்களா? வங்கக் கடலின் அடித்தளமான நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து அந்தமானுக்கு அடியில் புகுகிறது. பாறைக்குள் சிக்கிய கடல்நீரையும் அது கூடவே இழுத்துப் போகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைக் கசக்கி வெளியேற்றுகின்றன. நீர் கலந்தால் மேலேயுள்ள சூடான பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகியது சுற்றியுள்ள பாறையைவிட லேசானது. மேலே வர வழி தேடும்.

2004 டிசம்பர் 26 அன்று நழுவி நிலநடுக்கத்தை உண்டாக்கியதும் இதே தட்டு எல்லைதான். அதில் எழுந்த சுனாமி அலை மூன்று மணி நேரத்துக்குள் கடலூரின் தேவனாம்பட்டினத்தை அடைந்தது; கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதம், பாரன் தீவு மறுபடி வெடித்தது. நிலநடுக்கம்தான் மலையைக் கிளப்பியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் உண்டாக்குவது அந்தத் தட்டின் நகர்வே. அது இன்றும் நிற்கவில்லை.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கரையோரச் சொந்தங்களே, கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்த்து நிற்காதீர்கள். அறிவிப்புக்குக் காத்திராமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.