மூன்று மணி நேர நீதிபதி!

ஒருவன் வருகிறான். ஒற்றை ஆள். எதிரே ஐம்பது பேர். கத்தி உண்டு, கட்டை உண்டு, துப்பாக்கியும் உண்டு. அவனிடமோ இரண்டு கை, இரண்டு கால், ஒரு கறுப்புக் கண்ணாடி. அடிக்கிறான். பறக்கிறார்கள்! கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒருவன் போகிறான். லாரிக் கண்ணாடியைப் பிளந்துகொண்டு இன்னொருவன் போகிறான். பள்ளிக்கூடத்திலே படித்தோமே புவியீர்ப்பு விசை, அதற்கு அன்றைக்கு விடுமுறை! கொட்டகை அதிர்கிறது. விசில் விண்ணைப் பிளக்கிறது.

அறிவுக்குப் பொருந்துமா இது? கேட்கிறார்கள் மேதாவிகள். பொருந்தாது. ஒப்புக்கொள்வதில் நமக்கென்ன தயக்கம்? விசிலடித்த தோழனையே கேட்டுப் பாருங்கள். “கயிறு கட்டி இழுக்கிறதுதானே அண்ணே” என்பான், சிரித்துக்கொண்டே. தெரிந்துதான் பார்க்கிறான், தெரிந்துதான் கைதட்டுகிறான். வெளியே வரும்போது சிறிது கூச்சமும் படுகிறான். மேடையிலே பகுத்தறிவு பேசும் நாமா இதற்குக் கைதட்டினோம் என்று நம் தோழர்களும் தலையைச் சொறிகிறார்கள். ஏன் கைதட்டினோம்? அதற்கு விடை தேடாமல், ‘பாமரன்’ என்று பட்டம் சூட்டிவிட்டுப் போவது படித்தவர்க்கு எளிது. பாட்டாளியின் பக்கம் நிற்கிற நமக்கு அது அழகல்ல.

பச்சைமலைச் சாரலிலே வேப்பந்தட்டை. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. வானத்தைப் பார்த்து விதைக்கிற வாழ்க்கை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் உண்டு. அரசுக் கல்லூரி உண்டு. உழைப்புக்கோ பஞ்சமே இல்லை. அங்கே ஓர் உழவன், அப்பன் விட்டுப்போன அரைக்காணிக்குப் பட்டா மாற்ற நடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் அலுவலகமானாலும் கதை ஒன்றுதான். ‘நாளை வா’ என்பார்கள். நாளை போனால் அதிகாரி முகாமுக்குப் போயிருப்பார். அடுத்த வாரம் போனால் ஒரு தாள் குறையும். அந்தத் தாளோடு போனால் இன்னொரு தாள் குறையும். குறையாத தாள் ஒன்றே ஒன்று, காந்தியார் படம் போட்ட தாள்! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். அன்று இரவு திரையிலே ஒருவன் லஞ்சம் வாங்கியவனின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். யாருடைய கை அது? உழவனுடைய கை! பகலெல்லாம் மடக்கியே வைத்திருந்த கை இரவிலே திரைக்குப் போய் நீண்டிருக்கிறது. கைதட்டாமல் என்ன செய்வான்?

ஆகவே கைதட்டலும் ஒரு மனுதான். நாட்டிலே நீதி நத்தையாய் நகர்கிறது என்று, கையெழுத்தில்லாமல் கொடுக்கிற மனு.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 1974-இல் அமெரிக்காவிலே ‘டெத் விஷ்’ என்று ஒரு படம். மனைவியைப் பறிகொடுத்த கட்டடக்கலைஞன் ஒருவன், நியூயார்க் தெருக்களிலே வழிப்பறிக்காரர்களைச் சுட்டுத் தள்ளுகிறான். சார்லஸ் பிரான்சன் நடித்தார். அந்தக் கரு இந்தி வழியாக நடந்து, 1985-இல் ரஜினிகாந்த் நடித்த ‘நான் சிகப்பு மனிதன்’ ஆக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே, 1981-இல், ‘சட்டம் ஒரு இருட்டறை’ என்று பெயரிலேயே குற்றப்பத்திரிகை படித்துவிட்டார் எஸ்.ஏ.சந்திரசேகரன். பிறகு 1993-இல் ‘ஜென்டில்மேன்’. 1996-இல் ‘இந்தியன்’. 2002-இல் ‘ரமணா’. 2005-இல் ‘அந்நியன்’. பெயர் வேறு, வேடம் வேறு; வேலை ஒன்று. சட்டம் செய்யாததை ஒருவன் செய்வான்!

வெளியாரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. நம் வீட்டுப் பரணிலும் இந்தச் சரக்கு உண்டு. 1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ யார் படம்? நாமக்கல் கவிஞரின் கதை, கலைஞரின் உரையாடல், எம்.ஜி.ஆரின் வீச்சு. மலையிலே ஒளிந்திருப்பான், கொழுத்தவனிடம் பறிப்பான், இளைத்தவனுக்குக் கொடுப்பான். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனான் அந்தக் கள்ளன். பசித்தவனுக்குப் பரிந்து வருகிற கள்ளனை எந்த மொழிக்காரன்தான் வேண்டாமென்பான்?

ஆனால் தோழர்களே, அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1952-இல், ‘பராசக்தி’ வந்தது. அதிலே உச்சக் காட்சி எது? சண்டையா? இல்லை, நீதிமன்றம்! கூண்டிலே நின்று குணசேகரன் பேசினான். கேட்டவர்கள் அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், தெருவிலே பேசினார்கள், மேடையிலே பேசினார்கள். கைவீச்சைப் பார்த்தவன் ரசிகனானான். நாவீச்சைக் கேட்டவன் தானே பேச்சாளன் ஆனான். இந்த வேறுபாட்டை நெஞ்சிலே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, தனி ஆள் நீதியின் கணக்கைப் பார்ப்போம். ‘அந்நியன்’ எந்தச் சட்டப்புத்தகத்தைப் புரட்டித் தண்டனை கொடுக்கிறான்? கருட புராணத்தை! அடிபட்டுக் கிடந்தவனுக்கு வண்டி தராதவனை எருமைகளை விட்டு மிதிக்க வைக்கிறான். கெட்ட உணவு கொடுத்தவனை எண்ணெயிலே பொரிக்கிறான். குற்றமே இல்லை என்கிறோமா? குற்றம்தான். ஆனால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவுகோல் வேண்டாமா? நரகத்தைக் காட்டி மக்களை அச்சுறுத்தியவர்களை எதிர்த்து வளர்ந்த நாம், அந்த நரகத்தை வண்ணத்திலே எடுத்துக் காட்டினால் மட்டும் கைதட்டலாமா?

‘இந்தியன்’ தாத்தா வர்மக்கலையால் 1996-இல் லஞ்சக்காரர்களைத் தீர்த்துக்கட்டினார். 2024-இல் இரண்டாம் பாகத்திலே மறுபடியும் வந்தார். முதல் பாகத்திலேயே லஞ்சம் ஒழிந்திருந்தால் இரண்டாம் பாகம் எதற்கு? 28 ஆண்டுகள் கழித்தும் தாத்தாவுக்கு வேலை இருக்கிறதென்றால், தாத்தாவின் வைத்தியம் நோயைத் தொடவில்லை என்றுதானே பொருள்!

திரையிலே அடி வாங்குபவன் எப்போதும் குற்றவாளிதான். அவன் செய்த கொடுமையை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர். தெருவிலே அப்படி யார் காட்டுகிறார்கள்? 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி வழியிலே குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றது கூட்டம். ஒவ்வொருவனும் தன்னைக் கதாநாயகன் என்றே எண்ணியிருப்பான்.

2019 டிசம்பர் 6. ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்ற வழக்கிலே பிடிபட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். படம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள். முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது அது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. அவர்கள்தான் குற்றவாளிகளா? எந்த நீதிமன்றமும் இனிச் சொல்ல முடியாது. தூவிய பூவைத் திரும்பப் பொறுக்க முடியுமா?

நம் ‘சிங்கம்’ 2010-இல் வந்து, 2011-இல் இந்திக்கும் போனதே, அந்த இந்திச் சிங்கத்தைப் பற்றி 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் எச்சரித்தார். நடைமுறையைத் தூக்கியெறிந்துவிட்டு நொடியிலே நீதி வழங்கும் போலீஸ் நாயகன் ஆபத்தான பாடம் சொல்லித் தருகிறான் என்றார். சினிமாவும் விழித்துக்கொள்ளத்தான் செய்கிறது. 2024-இல் ‘வேட்டையன்’ படத்திலே ரஜினிகாந்தின் துப்பாக்கியே தவறான ஆளைச் சுட்டுவிட்டுத் தவிக்கிறது.

“அப்படியானால் சட்டம் மட்டும் கிழித்துவிட்டதா?” கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. வாச்சாத்தியைப் பாருங்கள். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊரையே சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். எந்த முகமூடி வீரனும் மலையிறங்கி வரவில்லை. வந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் செங்கொடித் தோழர்களும். நம் கொடி வேறு. ஆயினும் பாராட்டுவதிலே நாம் பின்வாங்க மாட்டோம். அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள், அடையாளம் காட்டினார்கள், அசையாமல் நின்றார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

31 ஆண்டுகள்! இந்தத் தாமதத்தை நாம் மூடி மறைக்க மாட்டோம். ‘ரமணா’க்களைப் பெற்றெடுக்கிற தாய் இந்தத் தாமதம்தான். எந்தக் கட்சி ஆண்டாலும், நம் கட்சியே ஆண்டாலும், பட்டாவுக்கு அலைய விடுவதும் வழக்கை இழுக்க விடுவதும் பழிதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு வீரன் வந்து நான்கு பேரை வெட்டியிருந்தால் மீதி 265 பேர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திரிந்திருப்பார்கள். அரசாங்கத்தின் ஆட்களே ஆனாலும் தண்டனை உண்டு என்பதை நிலைநாட்டியது, அந்தப் பெண்களின் அடையாள அணிவகுப்பு!

பெரம்பலூர்ச் சீமைக்கே வருவோம். 2018-இல் மக்காச்சோளத்திலே படைப்புழு விழுந்தது. எந்தக் கதாநாயகனின் உதைக்கு அது அஞ்சும்? கருகிய கதிரைக் கையிலேந்தி உழவர்கள் கூட்டமாய்ப் போய்க் கேட்டார்கள். அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

திரையிலே மக்களுக்கு மூன்றே வேலை: அழுவது, வேடிக்கை பார்ப்பது, கடைசியிலே கைதட்டுவது. சுயமரியாதைக்காரனுக்கு இது போதுமா? 2021-இல் ‘ஜெய்பீம்’ பார்த்தோமே, அதிலே ஆயுதம் எது? ஓர் ஆட்கொணர்வு மனு! மனுவுக்கும் மனம் துள்ளியதல்லவா?

எனவே தோழர்களே, படம் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டோம். பாருங்கள். விசிலடியுங்கள். உழைத்துக் களைத்தவனுக்கு மூன்று மணி நேர மகிழ்ச்சி. அதற்குக் கூச்சம் வேண்டாம். ஆனால் அந்த மகிழ்ச்சியை நீதி என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு விண்ணப்பம், 30 நாளிலே பதில் சொல்லியாக வேண்டும். சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வழக்கறிஞர் இலவசம். எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்க்குச் சொல்வதுதானே கிளைக்கழகத்தின் வேலை!

வேப்பந்தட்டைத் தோழர்களே! இரவுக் காட்சி பார்த்துவிட்டுப் படுங்கள். காலையிலே எழுந்ததும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக அலுவலகத்துக்குப் புறப்படுகிற அந்தக் கிழவியோடு நாலு பேராய்க் கூடப் போங்கள். தனியாகப் போனால் ‘நாளை வா’ என்று சொன்ன வாய், நாலு பேரைக் கண்டால் ‘உட்காருங்கள்’ என்று சொல்லும்.