விண்வெளியில் ஒரு கடைமடை

திருவாரூர்க் கமலாலயக் கரையில் உட்கார்ந்து விண்வெளி நாவல் படிக்கிறவனைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கோ மூச்சு வாங்கியது!

டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் இருவரும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் எழுதி, 2011-ல் வெளிவந்த 'லெவியதன் வேக்ஸ்' அது. சனிக் கிரகத்தின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றி வரும் கப்பலை யாரோ தகர்த்துவிடுகிறார்கள். பூமி, செவ்வாய், அதற்கும் அப்பால் சிறுகோள்களில் வாழும் உழைப்பாளிகள் என்று முத்தரப்பும் கச்சை கட்டுகின்றன.

பாத்திரங்களோ ஒரு திருவிழாக் கூட்டம். ஆனாலும் நாம் வழி தவறுவதில்லை. ஓர் அத்தியாயம் கப்பல்காரன் ஹோல்டனோடு. அடுத்தது துப்பறியும் மில்லரோடு. 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில், அத்தனை பேருக்கு நடுவிலும் வந்தியத்தேவனின் பின்னால் போனோமே, ஏறக்குறைய அதே வித்தைதான்!

என் நெஞ்சு படபடத்தது துப்பாக்கிச் சண்டையில் அல்ல. கப்பல் போயிற்று, இனித் தண்ணீருக்கு என்ன வழி என்று சீரீஸ் சிறுகோளின் ஜனங்கள் கொதிக்கும் இடத்தில்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் கடைமடைக்காரனுக்கு அது வெறும் கற்பனையா?

பெரியப்பாவிடம் கதையைச் சொன்னேன்.

"அங்கே மழையாவது பெய்யுமாடா?"

"பெய்யாது, பெரியப்பா."

"அப்போ நம்ம பாடு தேவலை" என்றார்.