ஒன்பது நாள் தாமதம்

திடீர் ஆபத்தின்போது உடல் எப்படி உஷாராகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். சில நிமிடங்களுக்குள் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடுகின்றன. அடிபட்டால் சமாளிக்க உடல் ஆயத்தமாகிவிடுகிறது. அது நல்லதுதான். ஆனால், அந்த அபாயச் சங்கு மாதக்கணக்கில் ஓயாமல் ஊதிக்கொண்டே இருந்தால்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும், அவர் கணவரான நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ரொனால்ட் கிளேசரும் தம் குழுவினரோடு இதைச் சோதித்தார்கள். 1995-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு அது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர். ஏறத்தாழ அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டியெடுத்தார்கள். பிறகு காயத்தைப் படம்பிடித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். நுரைத்தால் காயம் ஆறவில்லை என்று பொருள். நுரை அடங்க மற்ற பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாட்கள் ஆயின. பராமரிப்பவர்களுக்கு 48.7 நாட்கள்.

இளைஞர்களும் தப்பவில்லை. 1998-ல் வெளியான மற்றோர் ஆய்வில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் இதே அளவுக் காயத்தை இருமுறை ஏற்படுத்தினார்கள்: கோடை விடுமுறையில் ஒன்று, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒன்று. தேர்வுக்காலக் காயம் ஆற சராசரியாக 3 நாள் கூடுதலாக ஆனது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

கவலை மூளையிலிருந்து காயம் வரை வந்து சேர இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, ஹைப்போதாலமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் வழியாக ரத்தத்தில் கலக்கும் கார்டிசால். மற்றொன்று, பரிவு நரம்புகள். அவற்றின் இழைகள் மண்ணீரலுக்குள்ளும் நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் நுழைந்து, நார்-அட்ரினலினைச் சுரக்கின்றன. அதை ஏற்கும் ஏற்பிகள் வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலேயே உள்ளன. நரம்பு சொல்வதை வெள்ளையணு நேரடியாகவே கேட்டுக்கொள்கிறது.

காயம் பட்டதும் பழுதுபார்க்கும் செல்களை வரவழைப்பதில் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கார்டிசால் அதன் உற்பத்தியை அடக்கிவிடும். இரண்டு ஆய்வுகளிலுமே, அந்தப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுச் செய்தி வெள்ளையணுக்களில் குறைந்திருந்தது. வேலையைத் தொடங்கவேண்டிய உத்தரவே பலவீனமானால், ஆறுவதும் தள்ளிப்போகத்தானே செய்யும்?

"எல்லாம் மனசுதான், தைரியமாக இரு" என்று ஆறுதல் சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். படுக்கையில் கிடப்பவருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கிற வீட்டில், அவரைத் தூக்கி உட்காரவைக்கிற மனுஷியின் தூக்கத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது அந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் மருத்துவர், "வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்றும் கேட்கட்டும். சர்க்கரை அளவைக் கேட்பதுபோல இதுவும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

அடுத்த வாரம்: அழற்சியைத் தணிக்கும் வேகஸ் நரம்பு.

(தொடரும்)