இராயனுடைய சர்டிபிகேட்

கிறிஸ்தவன் அரசாங்கத்துக்கும் கீழ்ப்படிய வேண்டுமா, கடவுளுக்கு மட்டும் கீழ்ப்படிந்தால் போதுமா என்று கேட்டால் நம் சபைகளில் உடனே இரண்டு பிரதிகளை எடுத்துப் போடுவார்கள். ஒன்று ரோமர் 13. அதிகாரம் எல்லாம் கடவுள் ஏற்படுத்தியது, எதிர்த்து நிற்காதே, வரியைக் கட்டு என்பது பவுல் அங்கே சொல்வதன் சாரம். இன்னொன்று அப்போஸ்தலர் நடபடிகள் 5. பிரசங்கம் பண்ணக்கூடாது என்ற தடையை மீறிய பேதுருவும் கூட்டாளிகளும், மனுஷர் சொல்வதா கடவுள் சொல்வதா என்று வந்தால் கடவுள் பக்கம்தான் என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். முதலாவது பிரதியை ஆலயத்திலும் இரண்டாவதைப் போராட்டப் பந்தலிலும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது.

பந்தலில் வாசித்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. ஹிட்லர் ஆட்சியில் 1945இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர், ரோமர் 13ஐ நிறவெறி அரசு தனக்குச் சாதகமாக வாசிப்பதைக் கிழித்துக் காட்டிய தென்னாப்பிரிக்கர்களின் 1985 கைரோஸ் ஆவணம், 2011இலிருந்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் உட்கார்ந்து அணு உலை வேண்டாம் என்று சொல்லித் தேசத்துரோக வழக்கு வாங்கிய மீனவர்கள், விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலையில் செத்துப்போன ஸ்டான் சாமி. இவர்களையெல்லாம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் கீழ்ப்படிதல் என்றாலே சிறை, துப்பாக்கி, தூக்குக் கயிறு என்று பேசிப் பழகியதில் ஒரு வசதியும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் சந்தர்ப்பம் வராது என்று நிம்மதியாக இருந்துகொள்ளலாம்.

எங்கள் கரிசல்காட்டில் இந்தக் கேள்வி வருஷாவருஷம் வருகிறது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையின் கையில் ஒரு விண்ணப்பமாக வருகிறது. முன்பு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார்கள், இப்போது இ-சேவை மையத்தில் நிற்கிறார்கள். சாதி என்ற கட்டத்தில் எழுதுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. மதம் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும். "கோயில் பேரு வேற, சர்டிபிகேட்டு பேரு வேறல்லா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இந்து என்று எழுதிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜான், திங்கட்கிழமை முருகன். இதை இரகசியம் என்றுகூடச் சொல்ல முடியாது. வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், உபதேசியாருக்குத் தெரியும், சேகரத்து அய்யருக்கும் தெரியும்.

ஏன் இப்படி என்பதைச் சட்டத்திலிருந்து சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி என்று ஒன்று உண்டு. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சேர்ந்தவர் யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் பொருள். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்தார்கள். (1956இல் அம்பேத்கரோடு மதம் மாறிய ஜனங்கள் மத்திய அரசின் பட்டியலுக்குள் வர 34 வருஷம் காத்திருந்தார்கள்.) கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துக்குப் பிற்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு இல்லை, தனித் தொகுதியில் நிற்கும் உரிமையும் இல்லை. புதியம்புத்தூர் இருக்கும் ஓட்டப்பிடாரம் ஒரு தனித் தொகுதி. மாநிலத்தில் இப்படி 44 தொகுதிகள். இங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், சுவரெழுதலாம், கொடி கட்டலாம். வேட்பாளர் ஆக வேண்டுமானால் கிறிஸ்தவராக இருக்கக்கூடாது.

சட்டம் இவரிடம் உன் கடவுளை விட்டுவிடு என்று கேட்கவில்லை. ரோமாபுரி அப்படிக் கேட்டது. அங்கேயும் ஒரு சர்டிபிகேட் இருந்தது என்பதுதான் விஷயம். கி.பி. 250 வாக்கில் தேசியுஸ் என்ற ராயன், சாம்ராஜ்யத்தில் இருக்கிற சகலரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்கென்று நியமித்த அதிகாரிகளிடம் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். அதன் பெயர் லிபெல்லுஸ். எகிப்து மணலுக்குள்ளிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட லிபெல்லுஸ்கள் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. மனுதாரர் பெயர், ஊர், நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வருகிறவன், உங்கள் முன்னிலையிலும் இட்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்ற வாசகம், கீழே அதிகாரியின் கையெழுத்து. படித்துப் பார்த்தால் நம் தாலுகா ஆபீஸ் மனுவின் மூதாதை மாதிரியே இருக்கும்.

அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மறுத்துச் செத்தார்கள். நிறையப் பேர் பலியிட்டார்கள். மூன்றாவது ஒரு கூட்டம், பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டது. இவர்களை என்ன செய்வதென்று சபை அடித்துக்கொண்டது. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பலியிட்டவர்களையும் சான்றிதழ்க்காரர்களையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சான்றிதழ்க்காரர்களை மனஸ்தாபத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த முடிவின் பின்னாலிருந்த ஆயர் சிப்ரியானே துன்புறுத்தலின்போது ஊரை விட்டு மறைந்திருந்தவர்தான். அதனால்தானோ என்னவோ, மனுஷன் கொஞ்சம் இளகியிருந்தார்.

இந்த ஒப்புமையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து, சர்டிபிகேட் கிறிஸ்தவர்கள் விழுந்துபோனவர்கள், பாவம் மன்னித்து ஏற்றுக்கொள்வோம் என்று முடித்துவிடலாம். பல அய்யர்மார் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. லிபெல்லுஸில் எழுதியிருந்தது முழுப்பொய். பலியிடாதவன் பலியிட்டேன் என்று சொன்னான். நம் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள். சாதிக் கட்டத்தில் எழுதுவது உண்மை. தண்ணீர்க் குழாயடியிலும் டீக்கடையிலும் கல்யாணப் பேச்சிலும் அந்த உண்மை தினமும் அவருக்கு நினைவுபடுத்தப்படுகிறது. மதக் கட்டத்தில் எழுதுவது பொய். அந்த உண்மையைச் சொல்லவிடாமல் இந்தப் பொய்யோடு சேர்த்துக் கட்டிவைத்தது யார்? ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கரைந்துவிடும் என்ற பெரிய பொய்யை முதலில் எழுதியது 1950 ஆணைதான். விண்ணப்பதாரர் எழுதும் சின்னப் பொய் அதற்குப் பதில்.

1985இல் சூசை வழக்கில் இந்தப் பெரிய பொய் வெளிப்படையாகவே மேடையேறியது. சூசை சென்னையில் செருப்புத் தைத்த தொழிலாளி, ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அதே தெருவோரத்தில் அதே வேலை செய்த மற்றவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, இவருக்கு மதத்தைக் காட்டி மறுத்தது. உச்சநீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அந்த இழிவுகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. ஆதாரம் 1992இல் பாமாவின் 'கருக்கு' என்ற புத்தகமாக வந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கலவரமாகவும் துப்பாக்கிச் சூடாகவும் வந்தது. தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையில் நடந்த அந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள்.

அதிகாரம் வாயை அடைப்பதைவிட வாயைத் திறந்து உன்னைப்பற்றிச் சொல் என்று கேட்பதில்தான் அதிகம் வேலை செய்கிறது என்று பாவசங்கீர்த்தனத்தை வைத்து பூக்கோ காட்டினார். அந்தச் சொல்லாடல் பாதிரியின் கையிலிருந்து தாசில்தார் கைக்கு வந்து சேர்ந்திருப்பதை நீதிமன்ற வழக்குகளில் பார்க்கலாம். கோலார் தங்கவயல் தனித் தொகுதியில் 1967இல் ஜெயித்த எஸ். ராஜகோபாலின் தேர்தல் செல்லாமல் போனது, அவர் கிறிஸ்தவர் என்பதால். தாய்மதம் திரும்பிய அவர் 1972இல் மறுபடி ஜெயித்தார். இந்தத் தடவை பழைய சாதி திரும்பிவிட்டது, தேர்தல் செல்லும் என்றது உச்சநீதிமன்றம். ஆக, நீதிமன்றக் கணக்கில் சாதி அழிவதில்லை, கோயிலுக்குப் போயிருக்கும் காலத்தில் தூங்குகிறது, திரும்பி வந்ததும் விழித்துக்கொள்கிறது!

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிப்போன தோட்டத் தொழிலாளிகளின் வாரிசுகள் நிறைந்த தேவிகுளத்திலும் இதே கதைதான். அங்கே ஜெயித்த சி.பி.எம். எம்.எல்.ஏ. கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. சபைப் பதிவேடுகளும் கல்யாணப் போட்டோக்களும் சாட்சிக் கூண்டேறின. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நமக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்ட, பள்ளர் சமூகத்தில் பிறந்த ஒரு பெண் மருத்துவரின் கிளினிக் சுவரில் சிலுவை இருந்ததைப் பார்த்து அதிகாரிகள் அவருடைய சான்றிதழை ரத்து செய்தார்கள். சுவரில் சிலுவை மாட்டுவதால் ஒருவர் மதம் மாறிவிட்டதாக ஆகாது என்று 2021 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் வேறு மாதிரிப் பேசியது. ஞானஸ்நானம் வாங்கியவர், கோயிலுக்குப் போகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்கிறார், இது அரசியல் சட்டத்தின்மீதான மோசடி என்றது. சிலுவை எத்தனை அங்குலம் இருக்கலாம், மாதத்தில் எத்தனை ஞாயிறு போகலாம் என்றெல்லாம் அளந்து ஒருவருடைய விசுவாசத்தைத் தீர்மானிக்கும் வேலையை மதச்சார்பற்ற அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. இது தேசியுஸ் செய்த வேலை. அவன் பலியிடச் சொன்னான். இவர்கள் பலியிட்டாயா என்று போட்டோ பார்க்கிறார்கள்.

சபையின் பக்கம் வருவோம். புதியம்புத்தூர் 19ஆம் நூற்றாண்டில் எஸ்.பி.ஜி. மிஷனின் ஒரு நிலையம். அதே தாலுகாவில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. கிஸ்தி தகராறில் தொடங்கிக் கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பெனி ஆட்சியின் நிழலில்தான் மிஷன் பள்ளிக்கூடங்கள் எழும்பின. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் ராஜாவுக்கான ஜெபம் அச்சாகியே வந்தது. எனவே ரோமர் 13 இங்கே ஒரு வேதபாடமாக மட்டும் வரவில்லை, ஆட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தமாகவும் வந்தது. ஒப்பந்தத்தால் தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு எழுத்தும் சட்டையும் கிடைத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ராஜா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சர்டிபிகேட்டுக்காகப் பெயர் மாற்றினவனைப் பார்த்து, கடவுளைவிட அரசாங்கச் சலுகை பெரிதாகப் போயிற்றா என்று பேதுருவின் குரலில் கேட்கிற சபை, தன் நிலப்பட்டா, பள்ளிக்கூட மானியம் என்று வரும்போது பவுலின் குரலுக்கு மாறிவிடுகிறது. ஏழைக்கு அப்போஸ்தலர் 5, நிர்வாகத்துக்கு ரோமர் 13. கல்லறையைச் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு எங்களிடம் சாதி இல்லை என்று மேடையில் சொல்கிற சபைகள், சூசை வழக்கின் எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கின்றன.

ஒரு மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களை உள்ளே விட்டால் இருக்கிற 18 சதவிகிதத்தையும் அவர்களே அள்ளிக்கொள்வார்கள் என்று இந்து தலித் தோழர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. அருந்ததியருக்கு 2009இல் அந்த 18க்குள்ளேயே 3 சதவிகிதம் தனியாகப் பிரிக்க வேண்டி வந்ததை நினைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி உள்ஒதுக்கீடோ, கூடுதல் சதவிகிதமோ பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. தலித்துக்கும் தலித்துக்கும் நடக்க வேண்டிய பேச்சு. தாசில்தார் சிலுவையை அளந்து தீர்க்கிற விஷயமில்லை. மதத்தோடு கட்டிய முடிச்சை அவிழ்க்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் போட்டது.

வரி நாணயக் கதையில் இயேசு கேட்பது இதில் இருக்கிற உருவம் யாருடையது என்று. ராயனுடைய உருவம் பதித்த காசு ராயனுக்கு, கடவுளின் உருவம் பதிந்த மனுஷன் கடவுளுக்கு என்று தெர்த்துல்லியன் விளக்கினார். அந்த வாசிப்பு பவுலுக்கும் பொருந்தும். ரோமர் 13இல் ஆள்கிறவன் உன் நன்மைக்காக இருக்கும் வேலைக்காரன்தான், உன் விசுவாசத்தைச் சோதிக்கும் பூசாரி இல்லை. பைபிளில் இன்னொரு 13ஆம் அதிகாரமும் உண்டு, வெளிப்படுத்தின விசேஷத்தில். அங்கே அரசு ஒரு மிருகம். அதன் முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆதார் அட்டைதான் அந்த முத்திரை என்று முழங்குகிற பிரசங்கிகளை நான் கேட்டிருக்கிறேன். பெட்டிக்கடை மறுக்கப்பட்ட சூசையை அவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வேண்டும். சாதியால் நடந்த கொடுமைக்கு ஈடு செய்ய அது தேவை. அதைக் கொடுக்கலாம், அது ராயனுக்கு உரியதுதான். மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டால் தாசில்தார் சாதியை மட்டும் விசாரித்து எழுதுவார். மதத்தைக் கேட்க அவருக்கு வேலை இருக்காது. பழங்குடி மக்களின் பட்டியலுக்கான 1950 ஆணையில் இப்படி ஒரு மதப் பத்தியே கிடையாது. வடகிழக்கின் கிறிஸ்தவப் பழங்குடிகள் தங்கள் ஞானஸ்நானப் பேரிலேயே தனித் தொகுதிகளில் நின்று ஜெயித்து வருகிறார்கள்.