உதகை கவர்னர் மாளிகையும் அதனை அடுத்த தோட்டமும்

முந்திரிக்கொட்டை எடுப்பு முடிந்து, மணிமுத்தாறு வறண்டு கிடக்கும் வைகாசி மாதத்தில், விருத்தாசலம் தாலுகாவிலுள்ள நிலக்காரர்களில் சிலர் குடும்பத்துடன் உதகமண்டலம் சென்று வருவது வழக்கமாயிருக்கிறது. திரும்பி வந்தவர்களை விசாரித்தால், பூக்களின் நிறத்தையும் குளிரின் கடுமையையும் வருணிப்பார்கள். அங்கு மண் எவ்வாறு காக்கப்படுகிறது, அச்செடிகள் எந்நாட்டிலிருந்து வந்தன என்று கவனித்தவர் மிகச் சிலரே. குடியானவர்களுக்குப் பிரயோஜனப்படுவன இவையேயாதலால், அவற்றைச் சுருக்கமாக எழுதலானோம்.

உதகை இருக்கும் மேட்டுநிலம் ஆதியில் தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலமாக இருந்தது. பூங்காவின் மேற்பகுதியில் அவர்களுடைய மந்து ஒன்று இன்றும் உளது. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்பவர் 1822இல் அங்கு முதலாவது கல்வீட்டைக் கட்டத் தொடங்கி, சீமைக் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் பயிரிட்டுப் பார்த்தார். பின்னர் சென்னை மாகாண கவர்னர்கள் கோடைதோறும் மலையேறுவது வழக்கமாயிற்று. 1875 முதல் 1880 வரை கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் காலத்தில், தாவரத் தோட்டத்தை அடுத்த சரிவில் கவர்னர் மாளிகை எழுந்தது. பெரிய நடனக் கூடம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கவர்னரின் உதகை இருப்பிடம் இன்றும் அதுவே.

மாளிகை எழுந்த காலத்தையும் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடும்பஞ்சம் நிலவிப் பல லட்சம் மக்கள் மாண்டனர். கீழே நிலம் வெடித்துக் கிடக்க, மேலே மாளிகை எழும்பிற்று. ஆகவே அக்கட்டடத்தின் அழகை மாத்திரம் புகழ்ந்து பேசுதல் நமக்குத் தகாது. அதனருகிலுள்ள தோட்டத்தினால் விளைந்த நன்மை தீமைகளைக் கணக்கெடுத்துப் பார்ப்பதே முறை.

அத்தோட்டம் மாளிகைக்கு முற்பட்டது. உதகையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் 1840களில் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்திக் காய்கறி பெறுவதற்கென ஏற்படுத்திய தோட்டமே அதன் தொடக்கம். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1848இல் வில்லியம் கிரஹாம் மக்ஐவர் என்னும் தோட்டக்கலை நிபுணர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்து பொறுப்பேற்றார். அவர் கண்டதோ, மேலே செங்குத்தான காடு, கீழே சேறு, இடையே ஆழ்ந்த ஓடைகள். அவர் சேற்று நீரை வடித்து, சரிவைப் படிப்படியாகத் திருத்தி, அதன்பின் செடிகளை வைத்தார். இப்பொழுது சுமார் 55 ஏக்கர் பரப்புள்ள அத்தோட்டத்தில் நாம் காணும் பசும்புல் வெளி முழுவதும், நீரை வழிக்குக் கொண்டுவந்த பின்னரே உண்டானது.

அடுத்தது சிங்கோனா. மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகிய கொயினா இம்மரப் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 1860இல் தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட இம்மரத்தை வளர்க்கும் பொறுப்பு மக்ஐவரிடம் வந்தது. மரத்தை வெட்டாமல், பட்டையை நீள வாட்டில் கீற்றாக உரித்து, அவ்விடத்தை ஈரப்பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்று அவர் செய்து காட்டினார். நடுவட்டம் முதலிய இடங்களில் சிங்கோனாத் தோட்டங்கள் பெருகின. பிற்காலத்தில் செயற்கை மருந்துகள் வந்தமையால் அதன் தேவை குறைந்தது.

இதையொத்த செய்தி தாய்லாந்திலும் உண்டு. சியங் மாய் நகரருகே மலைமீது 1961இல் கட்டப்பட்ட பூபிங் மாளிகை, அந்நாட்டு அரசரின் குளிர்கால இருப்பிடம். அதன் ரோஜாத் தோட்டம் பெயர் பெற்றது. ஆயினும் அம்மலை மக்கள் அக்காலத்தில் பயிரிட்டு வந்தது அபினிச் செடி. 1969இல் அரசர் தொடங்கிய திட்டம், அதற்குப் பதிலாகப் பீச் முதலிய குளிர்நாட்டுப் பழங்களையும் காய்கறிகளையும் சோதித்து மக்களுக்கு வழங்கிற்று.

இனித் தீமையைச் சொல்லுவோம். நீலகிரியில் விறகுக்கும் பட்டைக்கும் கொணர்ந்த சீகை மரம் புல்வெளிகளை விழுங்கிற்று. அழகுக்கும் வேலிக்கும் கொணர்ந்த உண்ணிச்செடி காடெங்கும் பரவிற்று. நம் பக்கத்திலும் விஷயம் அதுவே. விறகுக்கென 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேல் இன்று தரிசு நிலங்களையும் ஏரி உட்புறங்களையும் பிடித்திருக்கிறது. பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்த ஆகாயத்தாமரை வாய்க்கால்களை அடைக்கிறது. எனினும் நம் செம்மண் மேடுகளுக்குச் செல்வம் தரும் முந்திரியும் பிரேசிலிலிருந்து வந்ததே. ஆதலால் அயல்நாட்டுச் செடி யாவும் தீது என்பதன்று. சோதிக்குமுன் பரப்புவதே தீது.

நிலக்காரர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, செம்மண் சரிவில் கன்று வைக்குமுன் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, மிகுநீர் போகப் புல் வளர்ந்த வடிகால் அமைக்கவேண்டும். முந்திரி மரத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவமாக மண் அணைத்தல் நலம். இரண்டாவது, புதிய விதையையோ ஒட்டுக்கன்றையோ வாங்கினால், பழைய ரகத்தின் பக்கத்திலேயே ஐந்து சென்டு நிலத்தில் வைத்து, பயிராயின் இரண்டு பட்டமேனும், மரமாயின் சில காய்ப்பேனும் விளைவை எழுதி வரவேண்டும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறிந்த பின் வாங்குவது இன்னும் உத்தமம். மூன்றாவது, அழகுச்செடி எதனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது. கிராம அதிகாரிகள் மழைக்கு முன்பே ஆகாயத்தாமரையை வேரோடு வாரிக் கரையேற்றி உலர்த்தச் செய்வார்களாயின், ஐப்பசி வெள்ளத்தில் மதகு அடைபட்டுக் கரை உடையும் அபாயம் பெரிதும் குறையும்.

அடுத்த கோடையில் உதகை செல்லும் அன்பர்கள், பூக்களைக் கண்டு களித்தபின், சற்றுக் குனிந்து அங்குள்ள வடிகால்களையும் பார்த்து வருவார்களாக.