உங்களுக்குத் தெரியுமா? இதயத்துக்கு முன்பே வரும் எச்சரிக்கை

கொல்கத்தா அருகே சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் சென்னை ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், வைத்தியத்துக்காகத் தெற்கே புறப்பட்ட வங்காளக் குடும்பங்களும் இருக்கும். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் இவ்வளவு தூரம் வருபவர்கள்கூட, விறைப்புக் குறைபாட்டை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அவசியம் சொல்ல வேண்டும். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனிகளுக்கு 3 முதல் 4. கொழுப்பு படியத் தொடங்கினால் சிறிய குழாயில்தான் பாதிப்பு முதலில் தெரியும். அதனால் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டலாம். சர்க்கரை நோயோ ரத்தக்குழாயோடு நரம்பையும் சேர்த்துக் கெடுக்கிறது.

விறைப்பின்போது ரத்தக்குழாயைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு. அதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் விறைப்புக் குறைபாட்டுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகரா, அதாவது சில்டெனாஃபில், முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து! மாத்திரை பலிக்காதவர்களுக்காக, மும்பை மருத்துவர் ரூபின் ஷா குறைந்த செலவில் ஆணுறுப்புக்குள் பொருத்தும் கருவி ஒன்றை வடிவமைத்தார்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.