உங்களுக்குத் தெரியுமா? புதுக் கம்ப்யூட்டர் ஏன் பாதியில் நிற்கிறது?

★ வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இன்று கேம் ஆடும்போது நிற்கிறது, நாளை சும்மா இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், பலரும் உடனே விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைக்குறியோடு நீலத்திரை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. கெட்ட ரேமோடு இன்ஸ்டால் செய்தால் புது விண்டோஸும் பழுதாகவே பதியக்கூடும்.

★ பெட்டியில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேம், போர்டில் செருகியதும் பெரும்பாலும் 4800 வேகத்தில்தான் ஓடும், தெரியுமா? 6000 வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டும். பலருக்குத் தெரியாத சங்கதி, அதுவும் ஓவர்கிளாக்தான். அந்த வேகத்தை ரேம் தாங்கினாலும் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்கும் என்று உறுதியில்லை. நான்கு ரேம் செருகினால் அதன் பாடு இன்னும் திண்டாட்டம். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆஃப் செய்து சில நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காசே செலவாகாத இந்தச் சோதனையை விட்டுவிட்டு மதர்போர்டை மாற்றக் கிளம்புகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

★ நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் செருகும்படிதான் பெரும்பாலான மேனுவல்கள் சொல்கின்றன.

★ மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடலாம். ‘ஆயிரக்கணக்கில் சோதித்து ஒரே ஒரு பிழைதானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே செருகிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

★ ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டுவது தவறு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது என்பது மட்டுமே அதன் பொருள். ‘வியா-லாகர்’ என்ற பதிவு இருந்தால்தான் ஹார்டுவேர் பக்கம் விரல் நீள்கிறது என்று கொள்ளலாம்.

★ கிராபிக்ஸ் கார்டு, நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு, தன் வழக்கமான அளவைத் தாண்டி மின்சாரம் இழுக்கும். மலிவான எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கணத்தில் அணைந்துவிடலாம். இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, இத்தகைய திடீர் இழுப்புகளைத் தாங்க வேண்டும் என்று வகுத்தது.

★ எல்லாக் குற்றமும் பொருத்தியவர் மேல் இல்லை! இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சில்லே மெல்லத் தேய்ந்து கம்ப்யூட்டர் நின்றது. 2024 ஆகஸ்டில் திருத்திய மைக்ரோகோடு வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சில்லை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. அந்தப் பிராசசர் வைத்திருந்தால் இன்றே பயாஸ் அப்டேட் செய்யுங்கள்.

★ 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. அப்படிப்பட்ட விபத்து அபூர்வம். உங்கள் கம்ப்யூட்டர் ஒரே ஒரு முறை நின்றால் விட்டுவிடலாம். வாரத்துக்கு இரண்டு முறை நின்றால் விடாதீர்கள்.

★ ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எதை, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனைகளை முடித்துவிட்டால், கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க பில்லும் கையில் இருக்கும், நாளும் மிச்சம் இருக்கும்.